பூவை வரைந்தவர் யார்?



சென்ற மாதம் ஒரு சகோதரி எழுதிய கடிதம் என் மேசைக்கு வந்தது. அதன் சாரம் இதுதான்:

"என் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கிறான். பாடப் புத்தகத்தினுள் ஒரு படக்கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்துக்கொண்டு தனியே சிரிக்கிறான். பிடுங்கிப் பார்த்தேன். ஜப்பான் நாட்டுக் கதையாம்; அதுவும் படக்கதை வரைகிறவர்களைப் பற்றிய படக்கதையாம்! புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறான். அவன் வாப்பாவோ கிழித்துப் போடு என்கிறார். எனக்கோ மனம் வரவில்லை. சிரிக்கும்படி அதில் அப்படி என்னதான் இருக்கிறது? நீங்கள்தாம் சொல்ல வேண்டும்."

சகோதரியின் முதல் கவலைக்கு உடனே விடை கூறிவிடலாம். வலப்புறமிருந்து புரட்டும் புத்தகத்தைக் கண்டு நம் வீடுகளில் எவரும் திகைக்க வேண்டியதில்லை. அரபுத் தமிழ் நூல்களை மூக்குக் கண்ணாடி அணிந்து ஓதிய பாட்டிமார்களின் மடியில் வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! ஜப்பானியரும் மரபு வழியில் மேலிருந்து கீழாக, வலமிருந்து இடமாக எழுதுகிறவர்கள். எனவே அவர்களுக்கு முதற்பக்கம் எதுவோ அதிலிருந்துதான் பையன் படிக்கிறான். அவனைக் குறை கூற வழியில்லை.

இரண்டாவது கேள்விதான் கடினமானது. படித்துப் பாராமல் தீர்ப்புச் சொல்வது முறையன்று. விசாரித்ததில், அதே புத்தகம் என் தங்கையின் பேரனிடமும் இருப்பது தெரிய வந்தது. இரவல் வாங்கினேன். இரவு உணவு முடிந்து, நாலு பக்கம் பார்த்துவிட்டு உறங்கலாம் என்றுதான் பிரித்தேன். நள்ளிரவில் என் சிரிப்பொலி கேட்டு வீட்டார் எழுந்து வந்து, உடம்புக்கு என்ன என்று விசாரித்தார்கள். வெட்கத்துடன் புத்தகத்தைத் தலையணைக்கடியில் மறைத்தேன். அப்போதுதான் அந்தப் பையனின் நிலை எனக்கு விளங்கிற்று!

சிரிக்க வைத்த கதை

ஜப்பானியர் படக்கதையை 'மங்கா' என்பர். நம்மூர் மாங்காயுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே இவை முதலில் வார, மாத இதழ்களில் தொடராக வந்து, பின்னர் நூலாகின்றன. 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்னும் இதழ் 1994ஆம் ஆண்டின் இறுதியில் 65 இலட்சத்து 30 ஆயிரம் படிகள் அச்சானது என்றால், அந்நாட்டு மக்கள் படக்கதையில் கொண்ட பற்றினை நீங்களே மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

நான் படித்த நூலின் பெயர் 'கெக்கான் ஷோஜோ நொசாகி-குன்'. 'சிறுமியர் மாத இதழ் நொசாகி' என்று பொருள் கொள்ளலாம். 'குன்' என்பது இளைஞரின் பெயரோடு சேர்த்தழைக்கும் சொல். நாம் 'தம்பி' என்பது போல. இதனை எழுதி வரைந்தவர் இசுமி ட்சுபாகி என்னும் பெண்மணி. 2011இல் ஓர் இணைய இதழில் தொடராகத் தொடங்கியது. 2014இல் தொலைக்காட்சியில் 12 பகுதிகள் கொண்ட சித்திரத் தொடராகவும் வந்தது.

கதை எளியது. சியோ சகுரா பள்ளி மாணவி, குள்ளமானவள், தலையில் புள்ளியிட்ட இரண்டு பெரிய ரிப்பன்கள். உடன் படிக்கும் நொசாகி மீது அவளுக்கு விருப்பம். அவனோ ஆறடியைத் தாண்டிய உயரம், சிரிப்பறியாத முகம். ஒரு நாள் துணிவு கொண்டு அவன் முன் நிற்கிறாள். பதற்றத்தில் நா குழறி, "நான் உங்கள் ரசிகை" என்று உளறிவிடுகிறாள். அவன் சற்றும் அசையாமல் ஒரு அட்டையில் கையெழுத்திட்டு அவளிடம் நீட்டுகிறான். அதில் இருப்பதோ ஒரு பெண்ணின் பெயர்!

அந்த முரட்டு முகத்துப் பையன்தான், சிறுமியர் விரும்பிப் படிக்கும் ஒரு மாத இதழில் பெண் பெயரில் காதல் தொடர் வரைகிறவன் என்பது பின்னரே அவளுக்குத் தெரிகிறது. அவளை வீட்டுக்கு அழைக்கிறான். என்னென்னவோ எண்ணிக்கொண்டு போகிறாள். அவன் அவள் முன் வைப்பது வரைந்த தாள்களையும் மையையும்! கறுப்பாக இருக்க வேண்டிய இடங்களில் மை நிரப்பும் வேலை அன்று முதல் அவளுடையதாகிறது. ஆயிரக்கணக்கான சிறுமியரின் உள்ளத்தைத் தன் கதையால் உருக்குகிறவனுக்கு, எதிரில் அமர்ந்து மை பூசும் ஒருத்தியின் உள்ளம் மட்டும் தெரிவதே இல்லை.

பட்டறைக்குள் நுழைவோம்

இதுவரை சொன்னது வேடிக்கை. இந்த நூலின் உண்மையான சுவை இதற்குப் பின்னர்தான் தொடங்குகிறது.

ஒரு பக்கம் மங்கா எப்படி உருவாகிறது தெரியுமா? முதலில் எந்தக் கட்டத்தில் யார் நிற்பது, என்ன பேசுவது என்று கரடுமுரடாகக் கோடிட்ட ஒரு முன்வரைவு. அதனைப் பதிப்பாசிரியர் பார்த்து ஒப்ப வேண்டும். பிறகு பென்சில் ஓவியம். அதன் மேல் மை தொட்டு வரையும் பேனா. பிறகு கறுப்பு நிரப்புதல். பிறகு பூக்கள், ஒளிக்கதிர்கள் போன்ற அலங்காரங்கள். பிறகு, புள்ளிகள் அச்சிட்ட மெல்லிய ஒட்டுத்தாளைக் கத்தியால் வெட்டி ஒட்டி நிழல் காட்டுதல். வீடு, தெரு, வகுப்பறை என்று பின்னணி தனி. இன்று பலர் இவற்றைக் கணினித் திரையிலேயே முடித்துவிடுகிறார்கள் என்றாலும், வேலைகளின் வரிசை ஏறத்தாழ அதுவேதான்.

நொசாகியின் அறையில் இவ்வேலைகளைச் செய்வோர் யார்? மிகோஷிபா என்றொரு பையன். பார்ப்பதற்குப் பெண்களை மயக்கும் மன்மதன். உண்மையில் ஒரு சொல் பேசிவிட்டு அடுத்த நொடியே நாணத்தால் சிவந்து போகும் கூச்ச சுபாவி. அவன் கைதான் பூக்களை வரைகிறது. அதைவிட வேடிக்கை, நொசாகி தன் கதாநாயகியைப் படைத்ததே இந்தப் பையனைப் பார்த்துத்தான்! நாடகக் குழுவின் தலைவனான ஹோரி பின்னணி வரைகிறான். அதற்குக் கூலியாக அவனுடைய குழுவுக்கு நொசாகி நாடகம் எழுதித் தர வேண்டும். கூடைப்பந்து ஆடும் வாகாமட்சு ஒட்டுத்தாள் ஒட்டுகிறான். ஒருவனுக்குத் தெரிந்தது மற்றவனுக்குத் தெரியாது. அத்தனை பேரும் சேர்ந்தால்தான் ஒரு பக்கம்.

நொசாகியின் கடமையுணர்வு அளவு கடந்தது. ஒரு காட்சியில் கதாநாயகன் கதாநாயகியை மிதிவண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். காதல் கதைகளில் காலங்காலமாக வரும் காட்சிதான். ஆனால் ஜப்பானில் மிதிவண்டியில் இருவர் செல்வது சட்டப்படி குற்றம். சிறுமியர் படிக்கும் இதழில் குற்றத்தைக் காட்டலாமா? சிந்தித்துச் சிந்தித்து அவன் கண்ட வழி, இருவர் அமர்ந்து இருவரும் மிதிக்கும் நீண்ட மிதிவண்டி! சியோவும் அவனும் அதில் ஏறி மிதித்தும் பார்க்கிறார்கள். காதல் போன இடம் தெரியவில்லை. மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

இன்னொரு ஓவியப் பெண்மணிக்கு வாய்த்த பதிப்பாசிரியரோ, 'தனுக்கி' என்னும் காட்டு விலங்கின் மீது பைத்தியம் கொண்டவர். ஆதலால் அந்தப் பெண்மணி வரையும் காதல் கதைகளில் எல்லாம், காரணமே இல்லாமல் ஒரு தனுக்கி வந்து நிற்கிறது! மேலிடத்தின் விருப்பத்தைத் தட்ட முடியாமல் தன் வேலையில் வேண்டாததைச் சேர்த்த அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், அந்தப் பக்கத்தில் நீங்கள் சிரிப்பதோடு பெருமூச்சும் விடுவீர்கள்.

ஏன் ஈர்க்கிறது?

சமையற்கட்டைக் காட்டினால் விருந்தின் மதிப்பு குறைந்துவிடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சாவின் மூடியைத் திறக்கும் நேரத்தில் அருகில் நின்றவர்களைக் கேட்டுப் பாருங்கள். விடியற்காலையில் விறகு மூட்டியவர், புகையில் கண் கசியக் கசிய வெங்காயம் அரிந்தவர், உப்பின் அளவுக்காகச் சண்டையிட்ட பண்டாரி ஆகிய அனைவரையும் பார்த்துவிட்டு உண்ணும் ஒரு கவளத்தின் சுவை வேறல்லவா?

இந்த நூலின் ஈர்ப்பும் அத்தகையதே. நொசாகியின் தொடரைப் படிக்கும் கதைச் சிறுமியர், கதாநாயகியைச் சுற்றிப் பூக்கள் மலர்வதைக் கண்டு உருகுகிறார்கள். நாமோ, அந்தப் பூக்களை ஒரு கூச்சக்காரப் பையன் முதுகு வளைத்து ஒவ்வோர் இதழாக வரைந்ததை அறிவோம். அந்தச் சிறுமியருக்குத் தெரியாதது நமக்குத் தெரிகிறது. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு பிறக்கிறது. ஆனால் அச்சிரிப்பில் ஏளனம் இல்லை. எழுதிய அம்மையாரே சிறுமியர் மங்கா இதழில் தம் பணியைத் தொடங்கியவர். தம் தொழிலைத் தாமே கேலி செய்கிறார். ஊரான் வீட்டைக் கேலி செய்வது எளிது. தன் வீட்டைக் கேலி செய்யத்தான் அன்பு வேண்டும்.

நூலின் அமைப்பையும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் மேலிருந்து கீழாக நான்கே கட்டங்கள். முதற்கட்டத்தில் தொடக்கம், இரண்டில் வளர்ச்சி, மூன்றில் எதிர்பாராத் திருப்பம், நான்கில் முடிவு. ஜப்பானியரின் பழைய முறை இது. நான்கு கட்டத்துக்குள் ஒரு மனிதரின் குணத்தைக் காட்டிவிட வேண்டும் என்பதால் ஒரு கோடுகூட வீணாக முடியாது.

சிரிப்பின் மறுபக்கம்

மங்கா வரைவதைப் பற்றிய மங்கா இது ஒன்றுதான் என்று எண்ணிவிடாதீர்கள். 1989 முதல் 1991 வரை கோஜி ஐஹாரா, கென்டாரோ தகேகுமா என்னும் இருவர், குரங்குகூட மங்கா வரையக் கற்றுக்கொள்ளலாம் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு தொடர் நடத்தினர். தம்மையே பாத்திரங்களாக்கி, வெற்றிக்கதை செய்வதற்கான சூத்திரங்களைப் பாடம் நடத்துவது போல் நையாண்டி செய்தனர். அதற்கும் முன்னோடி 'மங்கா மிச்சி', அதாவது 'மங்காப் பாதை'. நம் குழந்தைகள் தொலைக்காட்சியில் காணும் டோரேமான் தோன்றியது 'ஃபுஜிகோ ஃபுஜியோ' என்ற ஒரே புனைபெயரில் இணைந்து உழைத்த இரு நண்பர்களின் கூடத்தில்தான். டோரேமானைப் படைத்தவர் அவர்களில் ஹிரோஷி ஃபுஜிமோட்டோ. மற்றவரான மோட்டோ அபிக்கோ, 1970இல் தம் இருவரின் இளமைப் போராட்டத்தையே 'மங்கா மிச்சி' என்னும் தொடராக வரையத் தொடங்கினார்.

அந்தப் போராட்டம் இலேசானதன்று. தோக்கியோவில் 'தோக்கிவா சோ' என்றொரு மரக்கட்டடம் இருந்தது. ஒசாமு தெசுகா என்னும் பெரும் ஓவியர் 1953இல் அங்கே குடியேறினார். அடுத்த ஆண்டு அவர் காலி செய்த அறைக்கு இந்த இரு நண்பர்கள் வந்தனர். 1955 புத்தாண்டுக்குத் தாம் வளர்ந்த தகாவோகா என்னும் ஊருக்குப் போனவர்கள், வீட்டின் சுகத்தில் ஒப்புக்கொண்ட வேலைகளைக் கெடு நாளுக்குள் முடிக்கத் தவறினார்கள். இதழ்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. வந்த வேலைகளில் பெரும்பாலானவை போயின. இளமையில் பட்ட அந்த அடியைப் பிற்காலத்தில் அபிக்கோ மறைக்காமல் வரைந்தார். தோக்கிவா சோ 1982இல் இடிக்கப்பட்டது. ஆனால் மக்கள் அதனை மறக்கவில்லை. அதே வடிவில் மீண்டும் கட்டி, 2020இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள்.

கெடு தவறியதால் வேலை இழந்தவர்கள் உண்டு. கெடு தவறாதிருக்க முயன்று உயிரிழந்தவர்களும் உண்டு. எய்ச்சி ஃபுக்குயி என்பவர் ஜூடோ வீரச் சிறுவனின் கதையை வரைந்து புகழின் உச்சியில் இருந்தவர். 1954இல், 33 வயதில் திடீரென இறந்தார். ஓய்வற்ற உழைப்பே அவர் உயிரைக் குடித்தது என்று இன்றும் பேசப்படுகிறது. 2008 முதல் 2012 வரை ஷோனென் ஜம்ப் இதழில் வெளிவந்த 'பக்குமான்' என்னும் தொடரில், மங்கா வரையத் துணியும் சிறுவனுக்கு ஒரு சிற்றப்பா வருகிறார். ஒரு தொடரில் சற்றே புகழ் பெற்று, அடுத்த வெற்றிக்காக இரவும் பகலும் உழைத்து மாண்டு போனவர் அவர். அவருடைய பழைய பட்டறையின் சாவியைப் பெற்றுக்கொண்டுதான் அச்சிறுவன் தன் முதற்கோட்டை வரைகிறான். வாசகர்கள் அனுப்பும் அஞ்சலட்டைகளைக் கொண்டு இதழில் எந்தத் தொடர் முன்னே, எது பின்னே என்று வரிசைப்படுத்துவதையும், பின்தங்கியது சில வாரங்களிலேயே நிறுத்தப்படுவதையும் அத்தொடர் ஒளிக்காமல் காட்டுகிறது. அதுவும், அவ்வாறு நிறுத்துகிற அதே இதழில்!

இவற்றை அறிந்த பின்னர் நொசாகியின் அறையை மறுபடியும் பாருங்கள். அங்கே கெடு நாள் வேடிக்கையாகத்தான் வருகிறது. நண்பர்கள் சூழ்ந்திருக்கிறார்கள், எவரும் தனியே சாகவில்லை. நான் இப்படி நினைக்கிறேன்: ஓவியர் ஒருவர் தம் தொழிலின் இரவுகளை நன்கறிந்தவராக இருந்து, அந்த அறையில் தனிமைக்குப் பதிலாகத் தோழமையை வைத்துப் பார்த்திருக்கிறார். சுமையை ஐந்து பேர் சுமந்தால் சிரிக்கவும் மூச்சிருக்கும் அல்லவா? ஜப்பானிய மங்காப் பட்டறைகளில், கெடு நெருங்கும் வேளையில் மற்றவர்களுக்குச் சோறு சமைத்துப் போடுவதற்கென்றே ஓர் உதவியாளர் இருப்பதுண்டு. அவருக்குத் தனிப் பெயரே இருக்கிறது. கோடு வரையாத அந்தக் கையும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது. சில மங்கா நூல்களின் கடைசியில் உதவியாளர்களின் பெயர்கள் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். அவற்றை யார் படிக்கிறார்கள்?

சகோதரிக்கு விடை

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகிறேன்.

எல்லா மங்காவும் எல்லா வயதுக்கும் உரியன அல்ல. ஜப்பானியரே சிறுவர்க்கு, சிறுமியர்க்கு, பெரியவர்க்கு என்று இதழ்களைப் பிரித்துத்தான் வெளியிடுகிறார்கள். ஆகவே பிள்ளையின் கையில் இருப்பது எது என்று பார்க்கத்தான் வேண்டும். நீங்கள் பார்த்தீர்கள்; அது நல்லதே. காதல் கதையாயிற்றே என்று அஞ்சுகிறீர்களா? இது காதல் கதை வரைகிறவனைப் பற்றிய கதை. காதலைத் தாளில் அளந்து வெட்டி ஒட்டுகிறவனின் கையில் மையும் பசையும்தான் படிந்திருக்கின்றன. இதனைப் படிக்கும் பிள்ளை, திரையிலும் தாளிலும் வரும் காதல் எல்லாம் எவரோ உட்கார்ந்து செய்தது என்று உணர்வான். அந்த உணர்வு அவனுக்குக் காவலாக இருக்குமே தவிரக் கேடாகாது.

பாட நேரத்தில் ஒளித்துப் படிப்பது மட்டும் கூடாது. அதைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கெடு நாள் என்றால் என்னவென்று அந்தப் புத்தகமே அவனுக்குச் சொல்லியிருக்கும். தேர்வும் ஒரு கெடு நாள்தான் என்று நினைவூட்டினால் போதும். பாடம் முடிந்த பிறகு ஒளிக்காமல் கூடத்தில் அமர்ந்து படிக்கட்டும்.

அவன் வாப்பாவுக்கும் ஒரு வார்த்தை: கிழிக்க வேண்டாம் அண்ணே! ஒரு நாள் இரவு, பையனின் அருகில் அமர்ந்து, பூக்கள் நிறைந்த ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்டுங்கள். "தம்பி, இந்தப் பூவை வரைந்தவர் யார்?" என்று கேளுங்கள். அவன் சொல்லத் தொடங்குவான். பூவை வரைந்தவன், நிழலை ஒட்டியவன், சுவரைக் கட்டியவன், மை பூசியவள் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே போவான். நடுவே அவனுக்குச் சிரிப்பு வரும். உங்களுக்கும் வரும்.

சிரிப்பொலி கேட்டு அடுப்பங்கரையிலிருந்து சகோதரி எட்டிப் பார்த்தால், அவரையும் அழைத்து உட்கார வையுங்கள். அன்றைய இரவுச் சோற்றை ஆக்கிய கையும் அவருடையதுதானே!